படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை: முதியவர் விழாதபடி வீட்டைச் சரிசெய்த முறை

பெரும்பாலான வீடுகளில் ஒருவர் விழுந்த பிறகுதான் இந்த வேலை தொடங்குகிறது. மறுநாளே ஒரு வாக்கரும் ரப்பர் விரிப்பும் வாங்கி வைத்திருப்பார்கள். இயன்முறை சிகிச்சையாளரும் கொத்தனாருமாகச் சேர்ந்து இந்த வேலையைச் செய்யும் நாங்கள், பொருள் வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவோம். முதலில் அந்தப் பெரியவரை, இரவில் வழக்கமாக எரியும் விளக்கு மட்டும் போட்டு, படுக்கையிலிருந்து பாத்ரூமுக்குப் போய்வரச் சொல்வோம். ஓரடி பின்னால் நடந்துகொண்டே அவர் கை எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்போம்.

சுவரே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். இடுப்புக்குச் சற்று மேலே எண்ணெய்ப் பிசுக்கோடு கைத்தடம் படிந்திருக்கும். பிரிட்ஜ் கதவு, பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு, பாத்ரூம் கதவின் விளிம்பு, துண்டு போடும் கம்பி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போவார். அந்த இடங்களில் சாக்பீஸால் குறி போட்டுவிடுவோம். இவற்றில் ஆளின் எடையைத் தாங்கும் என்று நம்பக்கூடியது ஒன்றுகூட இருக்காது. கைப்பிடி வரவேண்டியது அந்தக் குறிகளில்தான்.

அடுத்தது உடம்பு. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்க்கிறோம். எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்க்கிறோம். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அல்லது தலை கிறுகிறுக்கிறது என்று சொன்னால், அந்தக் குறிப்பு மருத்துவரிடம் போகவேண்டும். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வோம். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதையும் எழுதிக்கொள்கிறோம். எழுபது முதல் எழுபத்துநான்கு வயதுக்குள் ஆண் 12 முறைக்குக் கீழும் பெண் 10 முறைக்குக் கீழும் எழுந்தால், தொடையில் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். ஆள் பக்கத்தில் நிற்காமல் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

மாத்திரை டப்பாவை மேசையில் கொட்டிப் பார்ப்பதை ஒருபோதும் விடுவதில்லை. தூக்க மாத்திரை, புராஸ்டேட்டுக்கான மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் தாமாகக் கடையில் வாங்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை, விழுவதற்குக் காரணமாகக்கூடிய இந்த நான்கையும் தனியே எடுத்துவைப்போம். இரண்டு மருத்துவர்களிடம் பார்க்கும் வீடுகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதுண்டு. அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்தால்தான் அது தெரியும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல நாள் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் கொண்டுபோய், “இவர் விழுந்தார், எழுந்து நின்றால் அழுத்தம் இவ்வளவு இறங்குகிறது” என்று சொல்லுங்கள். நீர் மாத்திரையை மாலையில் போடுகிறவர் இரவெல்லாம் எழுந்து நடக்கவேண்டியிருக்கும். அதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள்.

அதிக நேரம் பிடிப்பது பாத்ரூம்தான். எங்கள் அனுபவத்தில் அதிகம் தவறு நடப்பதும் அங்கேதான்.

கைப்பிடிக் குழாயின் தடிமன் 32 முதல் 38 மி.மீ. இருந்தால் விரல்கள் முழுதும் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் குழாய்க்கும் இடையே 40 மி.மீ. வேண்டும். அதற்குக் குறைந்தால் விரல் நுழையாது. ரொம்பக் கூடினால், வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே போய் எலும்பு முறியும். கிடைமட்டப் பிடி தரையிலிருந்து 84 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பொதுக்கணக்கு. நாலே முக்கால் அடி உயரமுள்ள பாட்டிக்கு அது தோள்பட்டையைத் தூக்கவைக்கும். அவரை நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு வரும் உயரத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். வாசல் நிலைக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒன்று, டாய்லெட் பக்கச் சுவரில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என்று மூன்று போதும்.

பிடி பெயர்ந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பிளக்கின், அதாவது ஸ்க்ரூவை முடுக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் உறையின், நீளம்தான். டைல்ஸ் 8 மி.மீ., அதன் பின்னால் ஒட்டிய கலவை 12 முதல் 15, பூச்சு இன்னொரு 12 முதல் 15. ஆக, செங்கல் தொடங்குவதே சுமார் 35, 40 மி.மீ. உள்ளே. பிடியோடு டப்பாவில் வரும் பிளக் பெரும்பாலும் 40, 50 மி.மீ.தான் இருக்கும். அது செங்கலைத் தொட்டும் தொடாமலும் பூச்சிலேயே நிற்கும். துண்டு தொங்கவிட அது போதும், சரியும் ஆளைத் தாங்காது. ஒன்பது அங்குலச் சுவரானால் 100 மி.மீ. நீளமுள்ள, சுவருக்குள் விரிந்து பிடிக்கும் துருப்பிடிக்காத ஆங்கர் போல்ட் போடுகிறோம். நாலரை அங்குலச் சுவரில் அப்படி விரியும் போல்ட் செங்கலையே பிளந்துவிடும். அங்கே சுவரை முழுதும் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து, நட் போட்டு முடுக்கவேண்டும். ஹாலோ பிளாக் சுவருக்கும் எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லுக்கும் இதுவே பாதுகாப்பான வழி.

துளைக்கும் முன் மறைந்து ஓடும் தண்ணீர்க் குழாய் எங்கே என்று பிளம்பரிடம் கேளுங்கள். குழாய்வாய்க்கு நேர் மேலும் கீழும் துளைக்காமல் இருப்பது நல்லது. டைல்ஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸுக்கான பிட்டைப் போட்டு, டிரில் மெஷினில் இடித்துத் துளைக்கும் ஹாமர் விசையை அணைத்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். டைல்ஸைத் தாண்டிய பிறகே ஹாமர். டைல்ஸின் ஓரத்தை ஒட்டித் துளைத்தால் விரிசல் விடும். முடுக்கியதும் சுற்றிலும் சிலிக்கான் பூசவேண்டும். இல்லையென்றால் உள்ளே நீர் இறங்கிப் பூச்சு ஊறிவிடும். முடிந்தபின் வீட்டிலேயே எடை கூடிய ஆள் ஒருவர் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்கட்டும். லேசாக அசைந்தாலும் அது பிடி இல்லை, கழற்றி மறுபடி போடவேண்டும். காற்றை உறிஞ்சி ஒட்டும் ரப்பர்க் கிண்ணப் பிடிகளை நாங்கள் எந்த வீட்டிலும் அனுமதிப்பதில்லை. ஒட்டியிருப்பது போலவே தெரியும், எடை விழும் நேரத்தில் விட்டுவிடும். துண்டுக் கம்பியைக் கழற்றிவிடுங்கள், கண் முன்னால் இருந்தால் கை அதைத்தான் தேடும்.

டாய்லெட் இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால் எழுவது எளிது. உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதியவேண்டும். தரையோடு இருக்கும் பீங்கானை மாற்ற வசதியில்லை என்றால் அதன்மேல் கமோடு நாற்காலி வைக்கலாம். நான்கு காலும் ஒரே உயரத்துக்கான துளையில் பூட்டியிருக்கவேண்டும். பழைய வீடுகளில் பீங்கான் ஒரு மேடைமேல் இருக்கும். அங்கே நாற்காலியின் இரண்டு கால் மேடை விளிம்பில் வந்து நிற்கும். மேடையை அகலப்படுத்திய பிறகுதான் நாற்காலி.

குளிப்பதற்கு ரப்பர்க் கால் உள்ள, முதுகு சாயும் நாற்காலி வேண்டும். வெறும் பிளாஸ்டிக் முக்காலி ஈரத்தில் ஓடும். பக்கெட்டைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு குவளைக்கும் குனியவேண்டும், ஆகவே அதை ஓர் உறுதியான மேடையில் ஏற்றிவையுங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் தலையில் வைத்த நல்லெண்ணெய் வழிந்து உள்ளங்காலுக்கு வந்துவிடும். உட்கார்ந்தபடியே முதலில் பாதத்தைச் சீயக்காய் போட்டுக் கழுவி, அதன்பிறகுதான் எழவேண்டும். வெந்நீர்க் குளியலுக்குப் பின் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் என்பதால் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து எழுவது நல்லது.

கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உடைத்தால்கூட உள்ளே போகமுடியாது. உள்தாழ்ப்பாள் வேண்டாம்.

மற்றவை ஒரே நாளில் முடியும். பழைய சேலையில் தைத்த கால்மிதிகளை எடுத்துவிடுவது, நிலைப்படியின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஒட்டுவது, கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் சுவிட்ச் வைப்பது, பாத்ரூம் விளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்ப்பது. ஹவாய் செருப்புக்குப் பதில் குதிகாலில் வார் உள்ளது வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவருக்குச் செருப்பு நழுவியதே தெரியாது. நைட்டியும் வேட்டியும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போடுகிறவருக்குப் படி இறங்கும்போது கீழ்ப்பாதியில் படி மங்கும். வெளியே நடக்கத் தனியாக ஒரு கண்ணாடி கேளுங்கள்.

கைத்தடியின் உயரம் மணிக்கட்டு மடிப்புவரை. பலம் குறைந்த காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கவேண்டும். கையை மாற்றிப் பிடிப்பவர்கள் நிறைய. அடியிலுள்ள ரப்பர் தேய்ந்து வரி மறைந்தால் மாற்றவேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்கு, 2017இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமான ராஷ்டிரிய வயோஸ்ரீ யோஜனா வழியாகக் கைத்தடி, வாக்கர் இலவசமாகக் கிடைக்கும்.

வீட்டை எவ்வளவு சரிசெய்தாலும் காலில் பலம் இல்லையென்றால் ஆபத்து குறையாது. விழுந்த பயத்தில் நடக்காமல் இருப்பவர் இன்னும் பலமிழந்து மறுபடி விழுகிறார். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி முறை, விழுவதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக ஆய்வுகளில் தெரிந்தது. அதையொட்டி நாங்கள் கொடுப்பது: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது 10, முன்பாதம் தூக்குவது 10, காலைப் பக்கவாட்டில் தூக்குவது இரு காலிலும் 10, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 5இல் தொடங்கி 10 வரை, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறுபாதம் வைத்து 10 விநாடி நிற்பது. வாரம் மூன்று நாள், மற்ற நாளில் நடை. எளிதானதும் கணுக்காலில் எடைப்பட்டை கட்டவேண்டும், இல்லையென்றால் பலன் நின்றுவிடும். பிடிப்பதற்குப் பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எழும் முறையையும் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். விழுந்தால் உடனே எழக்கூடாது. வலி இல்லையென்றால் ஒருபக்கம் திரும்பி, முட்டியும் கையும் ஊன்றி, உறுதியான நாற்காலிவரை தவழ்ந்து, அதில் கை ஊன்றி, பலமான காலை முன்வைத்து எழுந்து, திரும்பி உட்காரவேண்டும். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் தூக்காமல் 108ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர் தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தலைக்குள் கசியும் ரத்தம் சிலருக்கு வாரங்கள் கழித்தும் தெரியவரும். அதனால் விழுந்த தேதி, நேரம், இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள்.