தூறல் 0.3: சைபர் வேறு, தெரியாதது வேறு

பகலில் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறேன். ராத்திரியிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களிலும் எழுதுவது 'தூறல்'. ஹட்டனுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் மணிக்கு மணி எவ்வளவு மழை என்று ஓர் இலவச வானிலை ஏபிஐயிடம் (புரோகிராம்கள் இணையம் வழியாகத் தகவல் கேட்கும் சேவை) கேட்டு வாங்கும் சின்ன பைதான் கிளையண்ட் லைப்ரரி அது; இப்போது 0.3ஆம் பதிப்பு. அலுமாரிக்கு மேல் இருக்கும் ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற குட்டிக் கணினியில் ஓடுகிறது. தினமும் காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழையைக் கூட்டி, அப்பாவுக்கும் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) இன்னும் சிலருக்கும் டெலிகிராமில் அனுப்பும்.

8.30க்குக் காரணம் இருக்கிறது. இங்கே மழை நாள் கணக்கு காலை 8.30க்கு 8.30தான். அப்பாவும் முற்றத்து மழைமானியை அந்த நேரத்தில்தான் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். உலகப் பொது நேரமான யூடிசியில் அது சரியாக 3 மணி. அதனால் லைப்ரரிக்குள் எல்லா நேரத்தையும் யூடிசியிலேயே வைத்துவிட்டேன். நம் நேரம் ஐந்தரை மணி முந்தியிருப்பதில் அந்த அரை மணி தந்த தொல்லை அதோடு தீர்ந்தது.

ஜூன் மாத மழையில் ஒரு நாள் காலை, அப்பா போனை நீட்டினார். "என்ன மகள், ராத்திரி பூரா தகரம் கிழியிற மாதிரி அடிச்சிச்சு, இதுல சைபர்னு கெடக்கு?"

கொப்பியில் 92 மி.மீ. என் மெசேஜில் 0.

அன்று ராத்திரி டவர் போயிருந்தது. பை யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நெட் இல்லை. முதல் பதிப்பில் அவசரத்துக்கு நான் எழுதிய வரி இதுதான்: எந்த எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வந்தாலும் பிடி, 0 திருப்பிக் கொடு. ஒவ்வொரு மணி நேரமும் கேட்டது, தோற்றது, 0 என்று எழுதி வைத்தது. காலையில் சிக்னல் வந்ததும் எல்லா 0க்களையும் கூட்டி அனுப்பிவிட்டது.

வேறு இடமாக இருந்தால் இது ஒரு சின்ன பக். மலையில் அப்படி விட முடியாது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் இடம் மாறு என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் வழியாக எங்களுக்குப் பழகிப்போன கணக்கு. 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. என் மெசேஜ் அதிகாரபூர்வ எச்சரிக்கை அல்ல, அதை ஒவ்வொரு மெசேஜின் அடியிலும் போட்டிருக்கிறேன். ஆனாலும் 92 மி.மீ. பெய்த காலையில் 'மழை இல்லை' என்று ஒருவருக்குச் சொல்வது பொய். அந்தப் பொய்யை எழுதியவள் நான்.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். அந்த 0ஐத் தூக்கிவிட்டு, தகவல் கிடைக்காத மணி நேரங்களை வெற்றாகவே வைத்தேன். நெட் கேபிளைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். மறுநாள் காலை மறுபடியும் 0!

இதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி போனது. கூட்டலுக்கு நான் பயன்படுத்தியது பாண்டாஸ் என்ற பைதான் அட்டவணை லைப்ரரி. அதில் ஒரு பத்தி முழுக்க வெற்றாக இருந்தாலும் சம் (sum) என்ற கூட்டல் இயல்பாக 0தான் தரும். வெற்றுகளைத் தாண்டிப் போய் மிச்சத்தைக் கூட்டும், மிச்சம் ஒன்றுமே இல்லாவிட்டால் 0. மின் கவுண்ட் (min_count) என்று ஓர் அளவுரு உண்டு. அதற்கு 24 கொடுத்தால், 24 மதிப்புகளும் இருந்தால்தான் கூட்டுத்தொகை வரும், ஒன்று குறைந்தாலும் வெற்று.

முதலில் 24 கொடுத்தேன், பிடிக்கவில்லை. 19 மணி நேரத்துக்கே 80 மி.மீ. வந்திருந்தால், மீதி 5 மணி நேரம் தெரியாததால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? மழை கழிந்து போகாது, கூடத்தான் செய்யும். எனவே இப்போது லைப்ரரி ஒற்றை எண்ணைத் தருவதில்லை. தெரிந்த மழை, தெரிந்த மணி நேரங்கள் என இரண்டையும் சேர்த்தே தருகிறது. தெரிந்ததே 75ஐத் தாண்டிவிட்டால் உடனே சொல்கிறது. தாண்டவில்லை, ஆனால் இடைவெளி இருக்கிறது என்றால் 'குறைந்தது இவ்வளவு' என்று சொல்கிறது. 0.3இல் எனக்கு மிகவும் திருப்தி தந்த மாற்றம் இதுதான்.

அப்புறம் பிழைகளின் பெயர்கள். முன்பு எல்லாவற்றுக்கும் 'நெட்வொர்க் பிழை' என்று ஒரே பெயர்தான் வைத்திருந்தேன். 'கேட்டதே தப்பு' என்ற 400 குறியீட்டை ஏபிஐ அனுப்பும்போது எந்த அளவுரு தப்பு என்று உள்ளேயே ஒரு வரி எழுதி அனுப்புகிறது; நான் அதைப் படிக்காமலே எறிந்திருக்கிறேன். இப்போது மூன்று வகை: திரும்பக் கேட்டால் கிடைக்கக்கூடியது, எத்தனை தடவை கேட்டாலும் கிடைக்காதது, பதில் வந்தும் புரியாதது.

முதல் வகைக்கு மட்டும்தான் ரீட்ரை, அதாவது மறுபடி கேட்பது. இரண்டு விநாடி, நான்கு, எட்டு என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும், கொஞ்சம் தற்செயல் விநாடிகளும் சேரும். 'அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறாய்' என்ற 429 வந்தால், எப்போது திரும்பக் கேட்கலாம் என்று பதிலோடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் சொல்வதைக் கேட்கிறது. அந்த ஹெடரில் விநாடிக் கணக்கும் வரலாம், முழுத் தேதியும் வரலாம். நான் எண் என்று மட்டும் நம்பியிருந்தேன். டெஸ்டில் தேதி கொடுத்துப் பார்த்தபோது, பிழையைக் கையாளும் கோடே பிழையில் விழுந்தது.

இணையத்தில் கேட்க நான் பயன்படுத்தும் பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு இயல்பான டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) கிடையாது. நாம் கொடுக்காவிட்டால் காத்துக்கொண்டே கிடக்கும். எங்கள் பக்கத்துச் சிக்னலுக்கு இணைப்புக்கு 5 விநாடி, பதிலுக்கு 20 விநாடி என்று தனித்தனியே வைத்திருக்கிறேன்.

ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் பெட்டியில் கிடந்த இன்னொரு பழைய பையை எடுத்து, தூறலைப் போட்டு ஆன் பண்ணினேன். உடனே 'நெட்வொர்க் பிழை'. நெட் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம்தான் எக்ஸெப்ஷனை மாற்றி எறியும் இடங்களில் எல்லாம் பைதானின் 'ஃப்ரம்' (from) சேர்த்து, மூலப் பிழையும் கூடவே வரும்படி செய்திருந்தேன். லாக்கைக் கீழே தள்ளிப் பார்த்தால், ஏபிஐ தளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று இருந்தது. பழைய பைகளில் பற்றரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. அணைத்த நாளின் தேதியிலேயே அது எழுந்திருக்கிறது, ஏபிஐயின் சான்றிதழோ அதற்குப் பிறகு வழங்கப்பட்டது. நேரம் இணையத்திலிருந்து சரியாகும் முன்பே என் ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டது. ரிக்வெஸ்ட்ஸில் எஸ்எஸ்எல் பிழை (இப்படிச் சான்றிதழில் வருவது), இணைப்புப் பிழையின் பிள்ளை வகுப்பு, அதாவது அதன் உள்வகை. மேலே இருப்பதைப் பிடித்தால் உள்ளே இருப்பது மறைந்துவிடும். இப்போது பிள்ளையை முதலில் பிடிக்கிறேன், நேரம் சரியாகும்வரை ஸ்கிரிப்டையும் காத்திருக்க வைத்திருக்கிறேன்.

அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறுவதும் இப்படி அமைதியாக ஏமாற்றும். 6.9, 80.6 என்பதைத் திருப்பிப் போட்டால் அது வட துருவப் பக்கத்துக் கடல், ஏபிஐ எந்தப் பிழையும் சொல்லாமல் அங்கத்திய வானிலையைத் தரும். இலங்கைக்கு வெளியே போனால் கேட்காமலே நிறுத்து என்று ஒரு சோதனை போட்டாயிற்று.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி சிக்னல் போனது. காலையில் வந்த மெசேஜ்: "குறைந்தது 41 மி.மீ. 17 மணி நேரம் தெரியும், 7 மணி நேரம் தெரியவில்லை." அப்பா அதை வாசித்துவிட்டு, கொப்பியைப் பார்த்து "அறுபத்தி மூணு" என்றார்.

அந்த 63ஐயும் உள்ளே எடுப்பதுதான் அடுத்த வேலை. ஏபிஐ தருவது கணினி மாதிரியின் கணிப்பு, அப்பாவினுடையது அளந்தது. அவர் டெலிகிராமில் பதில் போட்டால் சேமிக்க வேண்டும். ஆனால் இது கேட்பது அல்ல, எழுதுவது. நெட் அறுந்து ரீட்ரை ஆனால் ஒரே அளவு இரண்டு தடவை பதிவாகலாம். அதனால் தேதியையே சாவியாக வைத்து, அதே நாளுக்கு மறுபடி வந்தால் பழையதன் மேலேயே எழுதும்படி செய்யப் பார்க்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. டெஸ்ட் இன்னும் எழுதவில்லை.