பாண்டிக்கு கொண்டு வர முடியாத ரிவால்வர்

ரொம்ப வருஷ ஆசை, ஒருவழியா வாங்கியாச்சு. 1858 ரெமிங்டன் நியூ ஆர்மி ரிவால்வர், .44 காலிபர், இத்தாலியில செஞ்ச ரெப்ளிக்கா. வாங்குனது பிரான்ஸ்ல, அங்கயே பூட்டி வச்சிட்டு தான் லீவுக்கு பாண்டி வந்திருக்கேன். நான் வாங்குனப்போ அங்க இந்த மாதிரி கருமருந்து ரெப்ளிக்கா ஆயுதச் சட்டத்துல டி பிரிவு, 18 வயசு முடிஞ்சா லைசென்ஸ் இல்லாமயே வாங்க முடிஞ்சுது, இங்க 1959 ஆயுதச் சட்டப்படி மருந்து கெட்டிச்சு சுடுற நாட்டுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேணும். முத்தியால்பேட்டை வீட்ல ஆளாளுக்கு கேக்குறாங்க, அதான் எழுதிடுறேன்.

பேர்ல இருக்குற 1858 பேட்டன்ட் வருஷம், இந்த மாடல் வந்தது 1863 வாக்குல, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருந்தப்போ. கையில எடுத்ததும் வெயிட் தான் மொதல்ல தெரியுது, ஒரு கிலோவுக்கு மேல, எட்டு இன்ச் எட்டுப்பட்டை பேரல் முன்பக்கம் இழுக்குது. குண்டு போடுற உருளைக்கு, அதான் சிலிண்டருக்கு, மேல ஒரு இரும்புப் பட்டை ஓடுது பாருங்க, அந்தக் காலத்து கோல்ட் (Colt) கம்பெனி ஆர்மி ரிவால்வர்ல அது கிடையாது, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அந்தப் பட்டை தான், ஃப்ரேம் அவ்ளோ உறுதி. அடியில இருக்குற லீவரை இறக்கி, சிலிண்டர் சுத்துற அச்சு பின்னை (pin) இழுத்தா சிலிண்டர் அப்படியே உள்ளங்கையில வந்து உக்காருது.

லோட் பண்றது தான் அழகு. சிலிண்டர்ல இருக்குற ஒவ்வொரு அறையிலயும் மருந்தைக் கொட்டி, மேல ஈயக் குண்டை வச்சு லீவரால அழுத்தணும், குண்டு அறையை விட ஒரு இம்மி பெருசு, அதனால உள்ள போகும்போது விளிம்புல மோதிரம் மாதிரி மெல்லிசா ஒரு ஈய வளையம் சீவி வந்து விழும். அது விழுந்தா தான் குண்டு இறுக்கமா உக்காந்திருக்குன்னு அர்த்தம். அப்புறம் கிரீஸ் தடவணும், ஒரு அறை வெடிக்கிறப்போ பொறி பக்கத்து அறைக்கு தாவக்கூடாது இல்லையா. கடைசியா தான் பின்னாடி இருக்குற நிப்பிள்ங்கிற சின்னக் குழாய் மேல செம்பு கேப், சுத்தி அடிச்சா பொறி குடுக்குறது அது தான்.

பெரியப்பா சொல்தாவா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல, இருந்தவர், இதைக் கேட்டுட்டு "இவ்ளோ வேலையாடா, நம்ம கரடிக்குப்பத்துல வ.வே.சு.ஐயர் வாஞ்சிக்கு சுட சொல்லிக் குடுத்தாராமே, அதுவும் இப்படியா?"ன்னார். இல்ல பெரியப்பா, 1911ல வாஞ்சி கையில இருந்தது பிரவுனிங் பிஸ்டல், குண்டு மருந்து கேப் எல்லாம் ஒரே தோட்டாவுக்குள்ள அடங்கிடுச்சு. அம்பது வருஷத்துக்குள்ள துப்பாக்கி எவ்ளோ மாறிடுச்சுன்னு இதைக் கையில வச்சு லோட் பண்ணா தான் புரியுது, படிச்சு எனக்கு இந்த அளவுக்கு புரியல.

சுட்டா வெள்ளைப் புகை, டார்கெட்டே மறைஞ்சிடும், கந்தக வாடை சட்டையை விட்டுப் போகாது. கொஞ்ச நேரம் சுட்டதும் கரி ஏறி சிலிண்டர் சுத்த மறுக்குது, பின்ல எண்ணெய் விட்டா சரியாகுது. அன்னிக்கே சுடுதண்ணி, சோப்பு போட்டு கழுவியாகணும், அந்தக் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிச்சிடும். லீவு முடிஞ்சு போனதும் நிப்பிள் எல்லாத்தையும் கழட்டி ஒருதடவை பாக்கணும்.