கூரை பற்றிய கேள்வி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், வெருகல் பக்கத்தில் திறந்தவெளிப் பட்டியில் மாட்டு மந்தை வளர்க்கும் ஒருவரிடம், காப்புறுதி நிறுவனத்துக்காக இழப்பை மதிப்பிடப் போன நான் கேட்டது, இழப்பு மதிப்பீட்டுப் படிவத்தில் அச்சிடப்பட்டிருந்த கேள்விதான். "ஐயா, ராவில மாடுகள் நிண்ட இடத்துக்குக் கூரை இருந்ததோ?" என்றேன். "பட்டிக்கு ஆர் பிள்ளை கூரை போடுறது? முள்வேலி மட்டும்தான்" என்று, ஊர்க் கதை ஒன்றைச் சொல்வதைப் போல இயல்பாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். காப்புறுதி செய்யப்பட்டிருந்த அவருடைய ஐந்து மாடுகளுக்கான கோரிக்கை அந்த ஒரு வரியின் பேரில் நிராகரிக்கப்பட்டது.

அது 2022 டிசம்பர். மாண்டஸ் புயல் 9ஆம் திகதி இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. நமக்குக் கிடைத்தது அதன் குளிர்காற்றும் விடாத மழையும். வடக்கிலும் கிழக்கிலும் இறந்த கால்நடைகள் ஆயிரத்தைக் கடந்தன. முதலில் நோயோ என்று அஞ்சினார்கள். பிறகு குளிரே காரணம் என்று தெரிந்தது. நனைந்த தோலில் காற்றுப் படும்போது உடற்சூடு வேகமாக இறங்கும் என்பதையும், போதிய தீனி இல்லாத மாடு அந்தச் சூட்டைத் திரும்ப உண்டாக்க முடியாது என்பதையும் மிருக வைத்தியர்கள் விளக்கினார்கள். பெரும்போகத்தில், அதாவது மாரிகால நெற்செய்கையில், வயல்கள் விதைக்கப்பட்டுவிடுவதால் மாடுகளை மேட்டுநிலத்துக்கும் காட்டோரத்துக்கும் ஓட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. மேய்ச்சல் தரை சுருங்கும் அந்தக் காலத்தில்தான் மழையும் வருகிறது. ஆகவே அந்த மாடுகள் மெலிந்து, நனைந்து, வெளியில் நின்றதில் அவருடைய கவனக்குறைவு என்று எதுவும் இல்லை. இந்த மாவட்டத்தில் பட்டி வளர்ப்பு நடக்கும் முறையே அதுதான்.

ஆனால் காப்புறுதி கேட்டு முதலில் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தில் "கூரையுள்ள கொட்டகை உண்டு" என்று அடையாளமிடப்பட்டிருந்தது. அதை அவர் நிரப்பவில்லை. கடனுக்காக மாடுகளைக் காப்புறுதி செய்த நாளில் முகவர் நிரப்பிக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் வைத்திருக்கிறார். காப்புறுதி, இரு தரப்பும் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்ற கொள்கையின் மேல் நிற்கிறது. முக்கியமான ஒரு விபரம் தவறாகச் சொல்லப்பட்டிருந்தால் நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகலாம். சட்டத்தின் பார்வையில் கையெழுத்து அவருடையது.

என்னைத் தொந்தரவு செய்வது நிராகரிப்பு அல்ல. அதை முடிவு செய்தது நான் அல்ல. என் அறிக்கையில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. நான் திரும்பத் திரும்ப நினைப்பது, கேள்வியைக் கேட்பதற்கு முந்திய அந்தச் சிறு இடைவெளியைத்தான். மிருக வைத்தியரின் இறப்புச் சான்றிதழ், காப்புறுதி செய்த மாடுகளை அடையாளம் காட்டும் காதுத் தகடுகள், படங்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாம் என் கோப்பில் இருந்தன. அந்தப் பதிலில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியாத ஒருவரிடம், தெரிந்துகொண்டு கேட்டேன்.

சொல்லிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்று சில நாட்களில் தோன்றுகிறது. "ஐயா, இதுக்கு நீங்கள் சொல்லுற பதிலாலதான் காசு வாறதும் வராததும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் யோசித்திருப்பார், மகனைக் கூப்பிட்டிருப்பார், முகவர் வந்துபோன கதையைச் சொல்லியிருப்பார். அந்தக் கதை என் அறிக்கையில் ஏறியிருந்தால் தலைமையலுவலகம் வேறு விதமாக யோசித்திருக்கவும் இடமுண்டு. ஆனால் அப்படிச் சொல்வது, பொய் சொல்லுங்கள் என்று வழிகாட்டுவதற்கு எவ்வளவு தூரம்? இழப்பை மதிப்பிடப் போகிறவள் ஒரு தரப்புக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டு மற்றத் தரப்பின் சம்பளத்தை வாங்குவது சரியல்ல என்று மறுநாளே எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். வேறு கோரிக்கைகளில், இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே முன்னறிவிப்பில்லாத கேள்விதான் உண்மையைக் கொண்டுவந்தது. இந்த நியாயத்தை நான் நம்புகிறேன். ஆனாலும், என்னை ஏமாற்ற நினைக்காத ஒருவரிடம் ஏமாற்றுக்காரருக்கு உரிய முறையில் கேட்டேன் என்பது அந்த நியாயத்தால் மறைவதில்லை.

பிறகு அவர் அலுவலகத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. கடிதத்தை வாசித்து விளக்கச் சொன்னார், விளக்கினேன். "நூறு மாட்டுக்குக் கூரை போடுறதெண்டால், மாட்டையே வித்துத்தானே போடோணும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய பட்டி நிற்கும் நிலம் அவருக்குச் சொந்தமில்லை. நாட்டு மாட்டின் பால் வருமானம் நிரந்தரக் கொட்டகைச் செலவைத் தாங்காது. போகத்துக்குப் போகம் இடம் மாறும் மந்தைக்கு எந்த இடத்தில் கட்டுவது என்பதும் இன்னொரு கேள்வி. அந்தப் படிவம் நான்கைந்து கலப்பினப் பசுக்களைக் கட்டிவைத்துத் தீனி போடுகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வயலுக்கு நிலைமை வேறு. நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா ஆகிய ஆறு பயிர்களுக்கும் ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்ற உச்சவரம்போடு அரசு கொண்டுவந்த காப்புறுதி, வெள்ளம், வரட்சி, காட்டுயானை ஆகியவற்றை விவசாயியின் தவறாகப் பார்க்கவில்லை. வெள்ளத்தில் நின்ற பயிரிடம் ஏன் வெளியில் நின்றாய் என்று எவரும் கேட்பதில்லை. அதே மழையில் பக்கத்து மேட்டில் நின்ற மாட்டிடம் மட்டும் கேட்கிறோம்.

இதை எழுதும்போதே, நிறுவனத்தின் பக்கமும் எனக்குத் தெரிகிறது. வெளியில் நிற்கும் மந்தையை, கொட்டகையில் நிற்கும் பசுவுக்கு வாங்கும் அதே கட்டுப்பணத்துக்கு (காப்புறுதிக்காகச் செலுத்தும் தவணைப் பணத்துக்கு) காப்புறுதி செய்தால், ஒரு டிசம்பர் மழை அந்த நிதி முழுவதையும் கொண்டுபோகும். ஒரே குளிர் ஒரே இரவில் எல்லாப் பட்டிகளையும் தொடுகிறது. விபத்தைப் போல ஒன்றிரண்டாகப் பிரிந்து வருவதில்லை. அப்படியானால் உண்மையான நிலைமைக்கு உண்மையான விலை சொல்லியிருக்க வேண்டும், அல்லது காப்புறுதி தர முடியாது என்று முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். கட்டுப்பணத்தை வாங்கும் நாளில் கூரையைப் பார்க்காமல், இழப்பீடு கொடுக்கும் நாளில் மட்டும் தேடுவது எனக்கு ஒப்பவில்லை.

இப்போது புதிய முன்மொழிவுகள் என் மேசைக்கு வந்தால் நானே நேரில் போய்ப் பார்த்து, "திறந்த பட்டி, கூரை இல்லை, பெரும்போகத்தில் இடம் மாறும்" என்று எழுதி அனுப்புகிறேன். அவற்றுட் பல திரும்பி வருகின்றன. திரும்பி வந்தவற்றின் சொந்தக்காரர்களிடம் இப்போது காப்புறுதியே இல்லை; காதுத் தகடும் இல்லை, கடனும் இல்லை. அவர்களில் ஒருவர் என்னிடம், "பிள்ளை, நீங்கள் வந்து பார்க்காமல் இருந்தால் எங்களுக்குக் கிடைச்சிருக்கும்" என்றார். கிடைத்திருக்கும் காப்புறுதிப் பத்திரம் எத்தகையது என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.