சுவாமியிடமும் மிஸ்ஸியிடமும் ஒரே கேள்வி

இலங்கையின் தேயிலைத் தோட்டப்புறத்தில் குடும்பநல மாதுவாக வேலை செய்கிறவளுக்குக் கருத்தடைச் சண்டை புதிதல்ல. மாமியார் வேண்டாம் என்பார். ஊசி போட்டால் உடம்பு ஊதிவிடும் என்று பக்கத்துக் காம்பிராக்காரி பயமுறுத்தியிருப்பாள். இதற்கெல்லாம் எங்களிடம் பதில் தயாராக இருக்கும். ஆனால் பல வருடம் ஒத்துப்போன கணவனும் மனைவியும், ஒருவருக்குப் பக்தி கூடியதால் இந்த ஒரு விஷயத்தில் பிரிந்து நின்றால் என்ன செய்வது என்று பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. நான் சைவக்காரி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயே இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆட்களை இனங்காண முடியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

ஒருத்தி கொழுந்து பறிப்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய். சின்னவன் பிறந்தபின் கையில் ஜடெல் வைத்துக்கொண்டாள். தோலுக்கடியில் வைக்கும் இரண்டு சிறு குச்சிகள், ஐந்து வருடம் தாங்கும். தவக்காலத் தியானத்துக்குப் போய்வந்தவள் கிளினிக்கில் கையை நீட்டி, "இதை எடுத்துவிடுங்கள் மிஸ்ஸி, இதோடு என்னால் நன்மை வாங்க முடியாது" என்றாள். நன்மை என்பது பூசையில் வாங்கும் நற்கருணை. செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை மறுக்கிறது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும், அதில் பேச்சில்லை. எடுத்த சில நாளிலேயே கரு தங்கலாம் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன். டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்தார்.

மாத முடிவில் கணவர் வந்தார். கொழும்பில் கடை வேலை. சம்பளத்தோடு வந்து மூன்று நாள் நின்றுவிட்டுப் போகிறவர். "யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? அவளுக்கு வேதம் கூடிவிட்டது என்றால் நான் என்ன சாமியாரா?" அவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். நத்தாருக்கும் கோயில் திருநாளுக்கும் தவறாமல் பூசைக்கு வருவார். கல்யாணம் செய்தபோது இருவருமே அவ்வளவுதான். அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார், அவள்தான் நடந்து போய்விட்டாள். அவருடைய கோபத்தில் பாதி பிள்ளை பிறந்துவிடும் என்ற பயம், மீதிப் பாதி தன்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்ற வருத்தம். அதை அவர் வாயால் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டது.

மாமியார் மருமகள் பக்கம் நின்றார். அவருடைய காரணம் வேறு. 1980களில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. குடும்பக் கஷ்டத்துக்காகப் போய்ப் படுத்தவர்களின் கதை லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னும் நடமாடுகிறது. "நம் சனத்தைக் குறைக்கத்தானே இதெல்லாம்" என்றார். இந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுத் தோட்டத்தில் யாரும் வேலை செய்ய முடியாது.

மருமகள், திருச்சபை அனுமதிக்கும் இயற்கை முறையைச் சொல்லித்தரக் கேட்டாள். ஜோன் பில்லிங்ஸ், எவ்லின் பில்லிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவத் தம்பதியரின் பெயரால் வழங்கும் முறை. கருப்பை வாயிலிருந்து வரும் கசிவைப் பெண் தினமும் கவனித்துக் குறித்துவர வேண்டும். கசிவு தெளிந்து, வழுக்கும் தன்மையோடு இழுபட்டால் கரு தங்கும் நாட்கள் என்று பொருள். சொல்வதற்கு இலகு. ஆனால் எங்கள் ஆட்களுக்கு வெள்ளைபடுதல் என்றாலே நோய், உடம்பு உருகுகிறது என்ற பயம். அது நலத்தின் அடையாளம் என்று நம்பவைக்கவே பல வாரங்கள் பிடித்தன. காலையிலிருந்து மாலைவரை மலையில் நிற்கிறவளுக்குக் கழிப்பறை கிடையாது. இடுப்பில் படங்கு, மேலே மழை, காலில் அட்டை. எப்போது போய் எதைக் கவனிப்பது? இரவில், கோயிலில் கொடுத்த கலண்டரில் பச்சைப் பேனாவாலும் சிவப்புப் பேனாவாலும் புள்ளி வைத்தாள். சிவப்பு என்றால் விலகியிருக்க வேண்டிய நாள். ஒரு தடவை அந்தக் கலண்டரை மேசையில் விரித்துக் காட்டினாள். கணவர் வீட்டில் நிற்கும் மூன்று நாளும் அடுத்தடுத்து சிவப்புப் புள்ளிகள்.

அடுத்த வருகையில் அவர் பிரீத்தி ஆணுறை வாங்கிக்கொண்டு வந்தார். இப்போது அவளுக்குப் புதிய கேள்வி: "அவர் செய்வதற்கு நானும் உடந்தையா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, கோயில் குருவான சுவாமியிடம் போகச் சொன்னேன். அவர் திட்டி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்காக வத்திக்கான் 1997இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதே பிரச்சினை பேசப்படுவதாகச் சொல்லி, மூன்று நிபந்தனைகளை விளக்கியிருக்கிறார். அவள் செய்யும் செயல் தன்னளவில் தவறாக இருக்கக்கூடாது, அதற்கேற்ற கனமான காரணம் இருக்க வேண்டும், கணவரை அதிலிருந்து திருப்ப அவள் முயல வேண்டும். பொறுமையோடும் செபத்தோடும் அன்போடும் பேசித்தான் திருப்ப வேண்டும். அதையும் அந்த நேரத்திலேயே, ஒவ்வொரு தடவையும் செய்யவேண்டும் என்றில்லை. இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. தினமும் போதிக்கும் வேலை தன் தலையில் இல்லை என்ற ஆறுதலாக இருக்கும். அவளுடைய நிலையில் மூன்றும் பொருந்துகின்றனவா என்று அவர்கள் இருவரும் பேசியது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எங்கள் பதிவேட்டில் அந்தக் குடும்பம் நவீன முறையிலிருந்து பாரம்பரிய முறைக்கு இறங்கிவிட்டதாகக் கணக்கு. மேலதிகாரி ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

இன்னொரு குடும்பத்தில் பக்தி கூடியது கணவனுக்கு. அதை இதோடு சேர்த்து ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் தன் உடம்பின்மேல் ஒரு சுமையைத் தானே எடுத்துக்கொண்டாள். இவரோ மனைவியின் உடம்பின்மேல் சுமையை ஏற்றினார். மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை வயிற்றைக் கிழித்து எடுத்தது, கண்ணிமையை இறக்கிப் பார்த்தால் இரத்தமே இல்லை. செபக்குழுவில் சேர்ந்தபின் அவர் கருத்தடை பாவம் என்றார். சரி, அப்படியானால் விலகியிருக்க வேண்டிய நாட்களில் விலகியிருப்பாரா? அதற்கும் மாட்டார். மனைவியின் உடல் கணவனுக்கு உரியது என்று பவுல் எழுதியிருக்கிறாராம். வீட்டிலிருந்த பைபிளையே எடுத்து கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், ஏழாம் அதிகாரத்தை வாசித்தேன். அதே வசனம் கணவனின் உடல் மனைவிக்கு உரியது என்றும் சொல்கிறது. பாப்பரசர் ஆறாம் பவுல் 1968இல் எழுதிய ஹுமானே வீத்தே மடலும் அப்படித்தான். செயற்கை முறையை மறுக்கிற அதே மடல், உடல்நிலையையும் பொருளாதாரத்தையும் எண்ணிப் பார்த்துப் பிள்ளைகளின் இடைவெளியைத் தீர்மானிக்கலாம் என்கிறது. அதற்கு விலையாகக் கேட்பது இருவரின் அடக்கத்தையும். தடையை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு அடக்கத்தை மனைவியிடம் விடுவதை நான் பக்தி என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். சைவக்காரி வேதம் பேசுகிறாள் என்று அவர் முறைத்தார். முறைக்கட்டும்.

அந்தப் பெண் பிறகு தனியாக வந்து மூன்று மாத ஊசியைக் கேட்டாள். கிளினிக் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, எங்களிடமே இருக்கிறது. அவளும் பூசைக்குப் போகிறவள், அவளுக்கும் மனச்சாட்சி உண்டு. ஊசி போட்டு முடித்ததும், "இதைச் சுவாமியிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் இந்த வருடம் இல்லை" என்றாள்.

கல்யாணத்துக்கு முன் கோயிலில் மணமக்களுக்கு வகுப்பு நடக்கிறது. இருபது வயதில், காதில் எதுவும் ஏறாத நேரத்தில் நடக்கிறது. இரண்டு பிள்ளை பெற்று, ஒருவர் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கியபின் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச யாருமில்லை. நன்மை வாங்குவதா இல்லையா என்பதைச் சுவாமி பேசட்டும், இரத்தச்சோகையை நான் பேசுகிறேன், ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின் மண்டபத்தைத் தாருங்கள் என்று கேட்டேன். சுவாமி சம்மதித்துவிட்டார். கொழும்பில் வேலை செய்யும் ஆண்களும் வர வேண்டும் என்பதால் சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிறாக இருக்கட்டும் என்றும் அவரே சொன்னார். எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.