பனி பெய்யும் மாதங்களில் எங்கள் வீட்டுப் பாடம்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களுக்குப் பனிக்காலத்தைப் பற்றி இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கும். வெளியே போக முடியாத மாதங்கள்தானே, கணக்கையும் இலக்கணத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள் என்பார்கள் சிலர். பள்ளிக்கூடங்களுக்கே பனி விடுமுறை விடும்போது உங்களுக்கு மட்டும் என்ன பாடம் என்று கேட்பார்கள் வேறு சிலர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டின் மற்ற மாதங்களில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத பாடங்கள் பனியோடு வருகின்றன. அவை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. அவற்றுக்காகக் காத்திருக்கவும், வந்தவுடன் கையில் இருக்கும் நோட்டை அப்படியே மூடிவிட்டு எழுந்து ஓடவும் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு முடியும். அந்த வசதி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விட்டால் வீட்டுக்கல்வியின் பெரும் பலனொன்றைக் கைநழுவ விட்டவர்கள் ஆகிவிடுவோம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை எங்கள் வீட்டில் மணிக்கணக்கு அட்டவணை கிடையாது. வெளிச்சம் இருக்கும்போது வெளியே, இருட்டிய பிறகு உள்ளே என்ற ஒரே ஒழுங்குதான் உண்டு. காலையில் மகள் ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுதுவாள்; இளையவன் முற்றத்தில் நட்டிருக்கும் அளவுகோலில் பனி எந்தக் கோட்டைத் தொட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்வான். புதுப்பனி பெய்துகொண்டிருந்தால் அன்றைய காலைப் பாடம் அதுதான். பெய்யாத நாட்களில் கணக்கும் மொழியும் காலையிலேயே முடிந்துவிடும். சூரியன் ஓரளவு மேலேறி நிற்கும் நடுப்பகலை யாருக்காகவும் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

பனிப்படிகங்களைப் பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் எவையும் தேவையில்லை. ஒரு கறுப்பு வெல்வெட் துணி, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் அரை மணி நேரம் முன்பே வெளியில் வைத்துக் குளிர விட வேண்டும்; வீட்டுக்குள்ளிருந்து எடுத்துப்போன துணியில் விழும் படிகம் கண் சிமிட்டும் நேரத்தில் நீராகிவிடும். துணியை அட்டையில் சுற்றி, அட்டையைக் கையுறையோடு பிடித்துக்கொண்டு, மூச்சுக்காற்று படாதபடி தலையைச் சற்றே ஒதுக்கி லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூச்சை அடக்கிக்கொள்வதுதான் கடினம். முதலில் தெரிவது வெறும் வெண்துகள். குவியம் சரியானதும் நடுவில் ஒரு சிறு அறுகோணத் தட்டும், அதன் ஆறு முனைகளிலிருந்து புறப்பட்ட கிளைகளும், ஒவ்வொரு கிளையின் இரு பக்கமும் அறுபது பாகைச் சாய்வில் நீளும் துணைக்கிளைகளும் தெளிவாகத் தெரியும். ஒரு கிளை உடைந்திருந்தாலும் உடைந்த இடத்தை வைத்தே அது எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகளால் வரைந்துவிட முடிகிறது.

"எல்லாத்துக்கும் ஏன்மா ஆறு?" என்று மகள் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கேள்வியை 1611இல் யோகன்னசு கெப்ளர் எழுதியே கேட்டிருக்கிறார். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட அதே கெப்ளர்தான். உருண்டைகளை நெருக்கமாக அடுக்கும் விதத்தில் விடை இருக்கலாம் என்று யோசித்த அவருக்கும் முழு விடை கிடைக்கவில்லை. நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாகும்போது அறுகோணச் சட்டமாகக் கோத்துக்கொள்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராயத் தொடங்கிய பிறகே உறுதியானது. விடையை உடனே சொல்லிவிடாமல், ஒரே அளவுள்ள நாணயங்களை மேசைமேல் இடைவெளி இல்லாமல் அடுக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றைச் சுற்றி ஆறுதான் பொருந்துகின்றன என்று இருவரும் தாங்களே கண்டுகொண்டார்கள்.

இந்த இடத்தில் வில்சன் பென்ட்லியைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் 1865இல் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பையன் அவர். பதினான்கு வயது வரை பள்ளிக்கே போகாமல் அம்மாவிடம் வீட்டிலேயே படித்தார். அந்த அம்மா திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவரிடம் இருந்த நுண்ணோக்கியில்தான் பையன் முதன்முதலாகப் பனிப்படிகத்தைப் பார்த்தான். பார்த்ததை வரைய முயன்றான். வரைந்து முடிப்பதற்குள் படிகம் உருகிப் போயிற்று. பிறகு கேமராவை நுண்ணோக்கியோடு இணைத்துப் பலமுறை முயன்று, 1885 ஜனவரி 15 அன்று, பத்தொன்பது வயதில், ஒற்றைப் பனிப்படிகத்தின் படத்தை எடுத்துவிட்டார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களைப் படமெடுத்தார். நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த எண்ணிக்கையைப் பற்றியல்ல. பனி பெய்யும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மகனுக்கு நேரம் தந்த அம்மா ஒருவர் இருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நக்காயா என்ற இயற்பியலாளர் 1936இல் முயல் முடியின் நுனியில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறினால் படிகத்தின் வடிவமும் மாறும் என்று அவர் காட்டினார். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசிகள் வளரும். மைனஸ் 15 டிகிரியை ஒட்டிக் கிளைவிட்ட நட்சத்திரங்கள் வளரும். இது தெரிந்த பிறகு எங்கள் பனிக்குறிப்பேட்டில் ஒரு பத்தி கூடிவிட்டது. அன்றைக்கு விழுந்தவை ஊசியா, தட்டா, நட்சத்திரமா என்று மகள் எழுதி வைக்கிறாள். நாம் நிற்கும் தரையின் குளிர் வேறு, படிகம் உருவான மேகத்தின் குளிர் வேறு என்பதையும் அந்தக் குறிப்பிலிருந்து அவளே பிரித்துச் சொல்கிறாள்.

கணக்குப் பாடத்துக்குப் பனியின் ஆழம் ஒன்றே போதும். புதுப்பனியை ஒரு நேரான பாத்திரத்தில் அழுத்தாமல் நிரப்பி, உயரத்தை அளந்து, உருக விட்டு மீண்டும் அளந்தால், பத்து சென்டிமீட்டர் பனியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீர்தான் கிடைக்கும். ஈரப்பனியில் ஐந்துக்கு ஒன்று என்றும், கடுங்குளிரில் விழும் உலர்பனியில் இருபதுக்கு ஒன்று என்றும் இந்த விகிதம் மாறும். மற்றதெல்லாம் காற்று என்றால் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. அளந்து பார்த்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. அவ்வளவு காற்று அடைபட்டிருந்தால் பனி ஒரு போர்வையாகத்தானே இருக்க வேண்டும்? வெப்பமானியை முதலில் காற்றிலும் பிறகு முழங்கால் ஆழப் பனிக்கு அடியில் தரையோடு ஒட்டியும் வைத்துப் பார்த்தோம். காற்றில் மைனஸ் 18; பனிக்கு அடியில் மைனஸ் 1. இவ்வளவு வேறுபாட்டை இளையவன் எதிர்பார்க்கவில்லை. வயலெலிகளும் மூஞ்சூறுகளும் பனிக்காலம் முழுவதும் அந்த இடுக்கில்தான் நடமாடுகின்றன என்று சொன்னதும், அவன் காலடி எடுத்து வைப்பதில்கூடக் கவனம் வந்துவிட்டது.

உப்புச் சோதனையை எல்லோரும் செய்வார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே அளவுப் பனிக்கட்டிகளில் ஒன்றில் உப்பும், ஒன்றில் மணலும், ஒன்றில் சர்க்கரையும் தூவி வைத்தால் உருக்குவதில் உப்பு முந்திக்கொள்ளும். ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சாலையில் அதிகம் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சில நாட்களில் நடைபாதையில் மணல் தூவுவது ஏன் என்று அப்போதுதான் புரியும்.

பறவைகளுக்குத் தீனி வைப்பதைப் பொழுதுபோக்கு என்று நான் கருதுவதில்லை, அது பொறுப்பு. சிக்கடி போன்ற பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள பறவைகள், இரவில் தங்கள் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி அளவுக்குக் குறைத்துக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பை எரித்து விடியல் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கின்றன. தீனித்தட்டைக் கழுவாமல் விட்டால் நோய் பரவும். தட்டை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து மீட்டருக்கு அப்பால் தள்ளிவிட வேண்டும். இடைப்பட்ட தூரத்தில் வைத்தால் வேகமெடுத்து வந்து கண்ணாடியில் மோதிவிடும். சூரியகாந்தி விதை பெரும்பாலான பறவைகளுக்கு ஏற்றது. ரொட்டித் துண்டு வேண்டாம். பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணி அனுப்பலாம். 1998இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் அமைப்பும் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு இப்போது உலகம் முழுவதும் நடக்கிறது. தான் எண்ணிய எண்ணிக்கையை ஓர் ஆய்வாளர் பயன்படுத்துவார் என்று தெரிந்தால் பிள்ளை எவ்வளவு நேர்மையாக எண்ணுகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரே பறவை திரும்பத் திரும்ப வந்தால் கூட்டக்கூடாது, ஒரே பார்வையில் சேர்ந்து தெரிந்தவற்றில் அதிகமானதைத்தான் எழுத வேண்டும் என்ற விதியைத் தம்பிக்கு அக்கா விளக்கும் அழகை நான் ரசித்துக் கேட்கிறேன்.

பொழுது சாய்வதையும் குறித்து வைக்கிறோம். வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21ஐ ஒட்டி வந்தாலும், சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது அதற்குச் சில நாட்கள் முன்பே நடந்துவிடுகிறது. மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரித் தொடக்கத்தில். ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்றதும் இருவரும் மறுத்தார்கள். பந்தையும் விளக்கையும் எடுத்து, 23.4 பாகைச் சாய்வைக் காட்டி, குளிருக்குக் காரணம் தொலைவல்ல, சாய்வே என்று புரிய வைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. சீக்கிரம் இருட்டுவதால், சிறு பிள்ளைகளும் தூங்கப் போகும் முன் கார்த்திகைக் கூட்டத்தையும் ரோகிணியையும் செந்நிறத் திருவாதிரையையும் பார்த்துவிட முடிகிறது. கோடையில் இதற்கு வழியே இல்லை.

இருட்டிய பிறகு வாய்விட்டு வாசிப்பது எங்கள் வழக்கம். இந்த முறை துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் பயணத்தை எடுத்துக்கொண்டோம். அவருடைய என்டூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் அன்டார்க்டிகாவின் வெட்டல் கடலில் உறைபனிக்குள் சிக்கியது. நவம்பரில் நொறுங்கி மூழ்கியது. கப்பலில் இருந்த 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். மாதக்கணக்கில் சூரியனே தெரியாத அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் பனிமேல் கால்பந்து ஆடினார்கள், நாய்வண்டிப் பந்தயம் விட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். கப்பலைக் கைவிட்டபோது ஒவ்வொருவரும் சொந்தப் பொருட்களில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தது. ஆனால் வானிலையாளர் ஹஸ்ஸியின் பான்ஜோ என்ற கம்பி இசைக்கருவியை மட்டும் ஷாக்கிள்டன் விட்டுவரச் சம்மதிக்கவில்லை.

அந்தப் பான்ஜோவை நான் பிப்ரவரியில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஜனவரி வரை பனி புதுமையாக இருக்கும். பிப்ரவரியில் எல்லோருக்கும் அலுப்புத் தட்டும், காரணமில்லாத சண்டைகள் வரும். அப்போது கூடுதல் பாடம் கொடுத்து அடக்கப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பனி அள்ளும் ஷவலை ஆளுக்கொன்று கொடுத்து அண்டை வீட்டுப் பெரியவரின் வாசலையும் சேர்த்து ஒதுக்கச் சொல்வேன். வீட்டில் படிக்கும் வேறு குடும்பங்களோடு சேர்ந்து சறுக்குவண்டி விளையாடப் போவோம். மாலையில் பாட்டு நிச்சயம் உண்டு. உடலை அசைத்து வேலை செய்த நாளில் பின்னங்களும் எளிதாக நுழைகின்றன.

வெளியே அனுப்புவதற்கு உடை சரியாக இருக்க வேண்டும். உள்ளாடை பருத்தியாக இருந்தால் வியர்வையை வாங்கி ஈரமாகவே வைத்திருக்கும். கம்பளியோ செயற்கை இழையோ மேல். கையுறை ஈரமானால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். அதற்காகவே வாசலில் உலர்ந்த ஜோடிகள் ஒரு கூடையில் இருக்கும். விரல் நுனியோ காதோ வெளுத்து மரத்துப் போனால் தேய்க்கக்கூடாது, உள்ளே அழைத்துவந்து வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சோதித்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறோம்.

வீட்டுக்கல்விக்குப் பதிவேடு கேட்கும் இடங்களில் இருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்பேடே பெரிதும் உதவும். நாள், வெப்பநிலை, ஆழம், நீரளவு, படிக வகை, பறவைகள், சூரியன் மறைந்த நேரம் என்று பிள்ளையின் கையெழுத்திலேயே நான்கு மாதக் கல்வி அதில் இருக்கும். இப்போது மகள் அதிலிருந்து ஆழத்துக்கான வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாள். மார்ச்சில் பனி எந்த வேகத்தில் இளகும் என்று அக்காவும் தம்பியும் தனித்தனியே கணித்து எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இருவருடைய கணிப்புக்கும் ஒரு வார வித்தியாசம் இருக்கிறது.