பாயோடு ஒட்ட வைக்கிறவர்களும் நாங்களும்

மட்டக்களப்பார் வந்தவரைத் திரும்பிப் போக மனமில்லாமல் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று சும்மா சொல்லவில்லை. கல்லடிப் பக்கம் வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டிவிட்டு, சாப்பிட்டாச்சா என்றும் கேட்பார்கள். எங்கட யாழ்ப்பாணத்தில் முதல் கேள்வி, "தம்பி எவடம்?" அடுத்தது, "ஆற்றை மகன்?" விசாரணை முடிந்த பிறகுதான் தேத்தண்ணி. (வந்தால் வடையும் வரும், அது வேற கதை.)

அதற்காக எங்களை உம்மணாமூஞ்சிகள் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட ஏலாது. வழிப்போக்கர் ஒதுங்கிப் போகட்டும் என்று வீட்டு வாசலில் கூரை போட்டுச் சங்கடப்படலை என்ற படலை கட்டிய ஊர் இது. 1995 ஒக்டோபர் 30 இல் போரால் வலிகாமமே பெயர்ந்து பக்கத்துத் தென்மராட்சிக்குப் போனபோது, அங்கை இருந்த சனம் முன்பின் தெரியாத குடும்பங்களுக்கு விறாந்தையையும் கொட்டிலையும் விட்டுக் கொடுத்தார்கள்.

கொழும்பை மட்டும் கேட்காதீர்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி லிப்டில் ஆளையாள் பார்க்காமல் போனை நோண்டுகிறவர்களில் பாதிப்பேர் எங்கட ஆட்கள்தான்!