பிராஸ் குவின்டெட் 2ஆம் பகுதி: 31ஆவது பாரில் அறுந்த கிளிஸாண்டோ

நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் படைப்பில் ஐந்து பித்தளை ஊதுகருவிகள்: இரண்டு டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா. 2ஆம் பகுதி முடிந்தது என்றிருந்தபோது, ஒத்திகையில் 31ஆவது பாரில் (பார் என்பது தாளக் கட்டம்) டிராம்போன் கிளிஸாண்டோ, அதாவது சுரம் விட்டுச் சுரம் வழுக்கும் இழுப்பு, நடுவில் அறுந்தது. டி3-யிலிருந்து ஏ ஃபிளாட்3 வரை ஒரே இழுப்பு (எண் ஆக்டேவைக் குறிக்கும்). கணினியில் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போன இடம்!

டிராம்போனின் நீட்டி மடக்கும் குழாயான ஸ்லைடுக்கு ஏழு பொசிஷன் (1 முழுக்க உள்ளே, 7 முழுக்க வெளியே), அதாவது ஆறு செமிடோன் (அரைச்சுர இடைவெளி). டி-யிலிருந்து ஏ ஃபிளாட்டும் ஆறுதான். ஆனால் இரண்டும் ஒரே ஹார்மோனிக்கில் (ஸ்லைடை அசைக்காமல் உதட்டால் மட்டும் மாற்றும் சுரப்படிகளில் ஒன்று) இருக்க வேண்டும். டி3 மூன்றாவது ஹார்மோனிக்கில் 4ஆம் பொசிஷன். அதிலேயே மேலே போனால் எஃப்3-யோடு ஸ்லைடு முடிந்துவிடும். ஏ ஃபிளாட்3 நான்காவதில் 3ஆம் பொசிஷன். நடுவில் உதடு தாவியே ஆக வேண்டும், அங்கேதான் அறுகிறது. கூடுதல் குழாயைத் திறக்கும் எஃப் டிரிகரும் கைகொடுக்காது. அதை அழுத்தினால் ஆறு பொசிஷன்தான்.

முழு ஆறு செமிடோனும் கிடைப்பது பி2–எஃப்3, இ3–பி ஃபிளாட்3 போன்ற சில இடங்களில் மட்டும். அதே சுரங்கள் வேண்டுமென்றால் ஏ ஃபிளாட்3–டி4 உண்டு. ஆனால் அது ஐந்தாவது ஹார்மோனிக், இயல்பிலேயே 14 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கம். உச்சியில் ஸ்லைடு முழுக்க உள்ளே இருக்கும், அதற்கு மேல் தள்ள இடமில்லை. எல்லாரும் சேர்ந்து நீண்டு நிற்கும் கார்டில் (பல சுரங்களின் கூட்டு) அந்த டி உறுத்தும். வேண்டாம்.

அதனால் அந்த இடத்தின் ஆறு பாரையும் ஒரு முழுத்தொனி (இரண்டு செமிடோன்) ஏற்றி, இ3–பி ஃபிளாட்3 ஆக்கினேன். 7ஆம் பொசிஷனுக்குக் கை முழுக்க நீள வேண்டும். முன்னால் ஒரு எட்டாம்பங்கு ஓய்வு (அரை பீட்) வைத்தேன். நிமிடத்துக்கு 72 பீட் வேகத்தில் அது 0.4 விநாடி, போதும். இப்படி எழுதுபவர்கள் டிராம்போன் பார்ட்டில் (வாசிப்பவரின் தாளில்) 7, 1 என்று பொசிஷன் எண்ணையும் எழுதிவிடுங்கள், வாசிப்பவர் தேட வேண்டியதில்லை.

ஏற்றியதில் முதல் டிரம்பெட் எழுத்தில் மேல் டி-க்குப் போய்விட்டது. அங்கே மென்மையாக வாசி என்று கேட்பது கொடுமை. ஓர் ஆக்டேவ் இறக்கி ஸ்ட்ரெய்ட் மியூட் (கருவியின் வாயில் செருகும் ஒலியடக்கி) கொடுத்தேன், மாட்ட ஆறு பீட். ஒலி முன்பைவிட அழகு, சத்தியமாக!

3ஆம் பகுதியில் இரண்டாம் டிரம்பெட்டுக்குப் பதில் ஃப்ளூகல்ஹார்ன் (டிரம்பெட் போன்ற, மென்மையான ஒலியுள்ள கருவி). காத்திருக்கும் கருவி குளிர்ந்து சுருதி இறங்கும். நுழையுமுன் ஊதிச் சூடேற்ற நான்கு பாராவது விடப்போகிறேன்.

அதற்கு முன் 38ஆவது பாரில் டியூபாவின் எஃப்1: ஃபோர்ட்டேயில் (உரத்து) 16 பீட், 13 விநாடி, ஒரே மூச்சு. ஒன்பதாவது பீட்டில் வெட்டி, அந்த இடைவெளியை ஹார்னால் மூடிப் பார்க்க வேண்டும்.